மூன்றாவது சத்தின் கணக்கு

மண் பரிசோதனைச் சீட்டில் தழை, மணி, சாம்பல் என மூன்று சத்துகளுக்கும் எண் போட்டுக் கொடுப்போம். விவசாயிகள் முதல் இரண்டைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். சாம்பல் சத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு ஜப்பானின் புகுஷிமா வயல்களைப் பற்றிப் படித்தபோதுதான், அந்த மூன்றாவது எண் ஒரு மாகாணத்தின் அரிசியையே காப்பாற்றியிருப்பது தெரிந்தது.

2011 மார்ச்சில் அங்கே அணுமின் நிலைய விபத்து. வெளியேறிய கதிரியக்க சீசியம் வயல்களில் படிந்தது. நடவுக் காலம் நெருங்கிவிட்டது. எந்த வயலில் நடலாம், எதைத் தரிசாகப் போடுவது? ஏப்ரலில் அரசு ஒரு கணக்குப் போட்டது. ஒரு கிலோ மண்ணில் இருக்கும் கதிரியக்க சீசியத்தின் அளவில் பத்தில் ஒரு பங்குதான் ஒரு கிலோ அரிசியில் சேரும் என்று வைத்துக்கொண்டார்கள். அரிசிக்கு அப்போதைய வரம்பு கிலோவுக்கு 500 பெக்கரல். ஆகவே மண்ணில் 5,000 வரை இருந்தால் நடலாம். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.

முடிவெடுக்க உதவும் கருவி என்று நிபுணர்கள் சொல்வது அடிப்படையில் இதுதான். அளந்த எண்ணைக் கொடுத்தால் நடலாமா, உழலாமா, விற்கலாமா என்று அது விடை சொல்ல வேண்டும்.

அறுவடை முடிந்தது. அரிசி பாதுகாப்பானது என்று அக்டோபரில் மாகாண ஆளுநரே அறிவித்தார். நவம்பரில் புகுஷிமா நகரின் ஓனாமி பகுதி அரிசியில் 630 பெக்கரல்!

பிறகு ஆராய்ந்ததில், வரம்பு மீறிய வயல்களில் பெரும்பாலும் சாம்பல் சத்து குறைவாக இருந்தது தெரிந்தது. சாம்பல் சத்து என்பது பொட்டாசியம்தான்; சீசியமும் அதுவும் வேதியியலில் ஒரே குடும்பம். வேருக்கு இரண்டையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. பொட்டாசியம் தாராளமாகக் கிடைத்தால் சீசியம் உள்ளே போவது குறையும்; தட்டுப்பாடு என்றால் வேர் சீசியத்தை இழுத்துக்கொள்ளும். மண்ணின் குணமும் சேர்ந்துகொள்கிறது. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்து வைக்கும், மணற்பாங்கான மண் விட்டுவிடும். ஒரே ஒரு எண்ணை நம்பிய கணக்கில் இது எதுவும் இல்லை.

இந்தத் தவறு புதிதும் அல்ல. 1986-ல் செர்னோபில் அணு உலை விபத்தின் கதிரியக்கம் கலந்த மழை பிரிட்டனின் வேல்ஸ், கம்ப்ரியா மலைகளில் இறங்கியபோது, ஆடு விற்பனைக்குத் தடை மூன்று வாரம்தான் என்றார்கள். களிமண்ணின் நடத்தையை வைத்துச் சொன்ன கணக்கு அது. அந்த மலைகளிலோ மக்கிய தாவரங்களால் ஆன அமிலத்தன்மையுள்ள மண். சீசியம் புல்லுக்கும் ஆட்டுக்கும் போய்க்கொண்டே இருந்தது. கடைசித் தடை நீங்கியது 2012-ல்.

புகுஷிமாக்காரர்கள் சீக்கிரம் பாடம் படித்தார்கள். 100 கிராம் மண்ணில் 25 மில்லிகிராமாவது சாம்பல் சத்து இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்து வயல் வயலாகப் பொட்டாஷ் போட்டார்கள். 2012-ல் அரிசிக்கான வரம்பு 100 பெக்கரலாக இறுக்கப்பட்டது. அந்த ஆண்டு விளைச்சலிலிருந்து 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றையும் கருவியில் ஏற்றிச் சோதித்தார்கள். ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை! முதல் ஆண்டில் வரம்பு மீறியவை 71. 2015 விளைச்சலிலிருந்து ஒன்றுகூட இல்லை.

எதை முதலில் செய்வது என்பதும் முக்கியம். விழுந்த சீசியம் பெரும்பாலும் மேல்மண்ணில் சில சென்டிமீட்டரிலேயே தங்குகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். அவசரப்பட்டு உழுதுவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும். சுரண்டினாலும் வளமான மண் போகிறது, அள்ளிய மண்ணைக் கொட்ட இடம் வேண்டும். நல்ல கருவி இந்தச் செலவையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இப்போது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து 'டிஎஸ்எஸ்4நாஃபா' என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கின்றன. மாதிரியை எங்கே எடுப்பது, எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று பிரித்துக் கொடுத்து, முடிவுகளை வரைபடத்தில் காட்டி, எந்த விளைபொருளைத் தடுக்கலாம் என்று முடிவுசெய்ய உதவுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தக் கருவியும் நாம் கொடுக்கும் தகவலுக்கு மேல் அறியாது. மண்ணின் வகையும் சாம்பல் சத்தும் வயல்வாரியாக அதில் ஏறவில்லை என்றால், எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அது 2011 ஏப்ரலில் போட்ட கணக்குதான்.