356-ஐ எழுதுவது யார்?

ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மலையடிவாரம், வயல், தென்னை. இங்குள்ள நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலை இந்த வட்டாரத்து ஐம்பூதத் தலங்களில் ஆகாயத் தலம் என்பார்கள். இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பெட்டி கட்டும்போது பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் கிராம் கிராமாகக் கணக்குப் பார்ப்பவர்கள், பணத்தைப் பற்றிக் கேட்டால் "அதான் கார்டு இருக்குல்ல, அங்கேயும் தேய்ச்சுக்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். தேய்க்கலாம்தான். ஆனால் தேய்த்த பிறகு ஓரிரு நொடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தக் கார்டைக் கொண்டுபோவது என்பதற்கு விளம்பரம் எதையும் பார்க்காமலே விடை கிடைத்துவிடும்.

போகிற வழியில் சிங்கப்பூரில் இறங்கி, தேக்காவில் ஒரு கடையில் 100 வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்டை மெஷினில் வைத்ததும் ஒரு சிறிய செய்தி கிளம்புகிறது. ஐஎஸ்ஓ 8583 என்ற சர்வதேசத் தரத்தின்படி அமைந்த அந்தச் செய்தியில் எண்ணிட்ட கட்டங்கள் உண்டு. 4-ஆம் கட்டத்தில் தொகை. 49-ஆம் கட்டத்தில், அது எந்த நாட்டுப் பணம் என்பதற்கான மூன்றிலக்க எண். சிங்கப்பூர் வெள்ளிக்கு 702. அமெரிக்க டாலருக்கு 840. மலேசிய ரிங்கிட்டுக்கு 458. நம் ரூபாய்க்கு 356. கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே இது விசாவா மாஸ்டர்கார்டா, எந்த நாட்டில் எந்த வங்கி கொடுத்தது என்பதையெல்லாம் கணினிகள் கண்டுகொள்ளும். செய்தி நம் வங்கிவரை வந்து, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து, 'சரி' என்ற பதிலோடு தேக்காவுக்குத் திரும்பிவிடுகிறது.

ஆகாயத் தலத்து ஊர்க்காரர் அனுப்பினாலும் இந்தச் செய்தி ஆகாயத்தில் போவதில்லை. நாடு விட்டு நாடு போகும் தகவலில் மிகப் பெரும்பகுதி கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளில்தான் ஓடுகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் போட்ட 'ஐ2ஐ' கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால், அந்தக் கடலைக் கடக்க 16 மில்லிநொடி போதும். மீதி நேரமெல்லாம் கணினிகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதில் கழிகிறது.

நமக்கு முக்கியமானது வேறு. இந்த ஓட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் 702 போய் 356 வந்தாக வேண்டும். அந்த 356-ஐ எழுதுவது யார் என்பதைப் பொறுத்துத்தான் செலவு கூடுவதும் குறைவதும்.

விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்களே அதை எழுதினால் நமக்கு லாபம். உலக நாணயச் சந்தையில் 2022 ஏப்ரல் நிலவரப்படி ஒரு நாளைக்கு 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. அந்த வியாபாரத்தில் நூற்றுக்கு 88-இல் ஒரு பக்கம் அமெரிக்க டாலர்தான். ரூபாயும் வெள்ளியும் நேருக்கு நேர் சந்திப்பது குறைவு. டாலரை நடுவில் வைத்தே ஒன்றின் விலை மற்றொன்றில் கணக்கிடப்படுகிறது. அந்தச் சந்தையின் மொத்த விலையை ஒட்டிய ஒரு விகிதத்தைக் கார்டு நிறுவனங்கள் தினமும் வெளியிடுகின்றன. அவற்றின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விமான நிலையத்து நாணயமாற்றுக் கடையின் பலகையை ஒருமுறை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் மறுபடி அங்கே வரிசையில் நிற்கமாட்டார்.

கதை இத்தோடு முடிந்தால் எல்லாக் கார்டும் ஒரே விலைதான். முடிவதில்லை. நம் வங்கி தன் பங்குக்கு 'ஃபாரெக்ஸ் மார்க்-அப்' என்று ஒன்றை மேலே ஏற்றுகிறது. பல இந்தியக் கார்டுகளில் இது 3.5 சதவீதம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கணக்குக்காக ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று கொண்டால், 100 வெள்ளிக்கு 6,500 ரூபாய், மார்க்-அப் 227.50, அதற்கு வரி 40.95. கூடுதலாகப் போனது மட்டும் 4.13 சதவீதம். ஆறு மாதத்தில் 4 லட்சம் ரூபாய் செலவு செய்கிறவருக்கு இது 16,520 ரூபாய். செலவில் ஒன்றோ இரண்டோ சதவீதம் 'பாயிண்ட்' திரும்பி வருகிறது என்று அதே கார்டைப் பெருமையாக நீட்டுகிறோம்.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. 356-ஐக் கடைக்காரரின் மெஷினே எழுதிவிடுவது. கார்டு எண்ணை வைத்து இவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று மெஷின் கண்டுபிடித்து, 'ரூபாயில் செலுத்துகிறீர்களா, வெள்ளியில் செலுத்துகிறீர்களா' என்று திரையில் கேட்கும். நமக்குப் பழகிய ரூபாயைப் பார்த்ததும் விரல் தானாக அங்கே போகும். 'டைனமிக் கரன்சி கன்வர்ஷன்' என்ற இந்த வசதியில் விகிதத்தை வைப்பது கடையின் பக்கத்து மாற்று நிறுவனம். லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. அதோடும் விடாது. கடை வெளிநாட்டில் இருக்கிறது என்ற காரணத்தால், ரூபாயிலேயே வந்த தொகைக்கும் தனிக் கட்டணம் போடும் இந்திய வங்கிகள் பல. இரண்டு பேரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, ஐரோப்பிய மத்திய வங்கி விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று முன்கூட்டியே காட்டியாக வேண்டும் என்பது சட்டம். மற்ற பல நாடுகளில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையானாலும் ஏடிஎம் ஆனாலும், அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

அப்படியானால் மார்க்-அப்பே இல்லாத கார்டு? இருக்கிறது. சில வங்கிகள் டெபிட்டிலும் கிரெடிட்டிலும் அப்படி வெளியிடுகின்றன. சும்மா கொடுக்க வங்கி தர்ம சத்திரமா என்று சந்தேகப்படுவது நியாயம். ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடம் பிடிக்கும் தொகையில் ஒரு பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு வருகிறது. கணக்கில் கிடக்கும் நம் பணத்தாலும் அதற்கு வருமானம். மாதக்கணக்கில் தங்கப் போகிறவருக்கு, ஆண்டுக் கட்டணமும் இல்லாத இந்த வகைதான் மலிவு என்பது என் முடிவு. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் கட்டண அட்டவணையை அன்றைய தேதியில் படித்துவிட வேண்டும்.

முன்கூட்டியே டாலர் ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு இன்னொரு வகை. ரூபாய் சரிந்தாலும் ஏற்றிய நாள் விலையே நமக்கு நிற்கும். இது காப்பீடு, சேமிப்பு அல்ல. ரூபாய் உயர்ந்தால் நஷ்டமும் நமக்கே. கட்டணம் எங்கே என்று தேடினால் கண்ணில் படாது, ஏற்றும்போது சொல்லும் விலைக்குள்ளேயே கலந்திருக்கும். டாலர் ஏற்றிய கார்டைச் சிங்கப்பூரில் தேய்த்தால் டாலர் வெள்ளியாக மாறுவதற்குத் தனிக் கட்டணம். மிச்சத்தை ஊருக்கு வந்து மாற்றினால் வாங்கும் விலை இன்னும் குறைவு. ஒரே நாட்டில், ஒரே பணத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு மட்டும் இது பொருந்தும்.

கைப்பணம் எடுப்பதில்தான் அழகான கணிதம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டு ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நிலையான கட்டணம் ஒன்று உண்டு. அடிக்கடி எடுத்தால் கட்டணம் ஏறும். மொத்தமாக எடுத்தால் வட்டி போகும், திருட்டுப் பயம் வேறு. ராஜபாளையம் மில்லுக்குப் பஞ்சு வாங்குகிறவரின் தலைவலியும் இதேதான்: அடிக்கடி லாரி வைத்தால் வண்டிச் சத்தம், மொத்தமாக வாங்கிக் குவித்தால் முடங்கும் முதல். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கும் முன்பே, 1913-இல், ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் சரக்கு இருப்புக்கு இதன் சூத்திரத்தைக் கண்டுபிடித்திருந்தார். 1952-இல் பொருளியலாளர் வில்லியம் பாமோல் அதைக் கைப்பணத்துக்குப் பொருத்திக் காட்டினார். ஒருமுறைக் கட்டணத்தையும் மொத்தத் தேவையையும் பெருக்கி, இரட்டித்து, அந்தக் காலத்து வட்டியால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கட்டணம் வரியோடு 177 ரூபாய், தேவை 1 லட்சம், ஆறு மாத வட்டி 1.5 சதவீதம் என்றால் ஒருமுறைக்கு எடுக்க வேண்டியது ஏறத்தாழ 48,600 ரூபாய். இரண்டு தடவை போனால் போதும். பணம் கையில் இருப்பது பயம் என்று அந்த வட்டியை நான்கு மடங்காகக் கூட்டி வைத்தாலும் தொகை பாதியாகத்தான் குறைகிறது. வர்க்கமூலத்தின் விளையாட்டு இது. நூறு நூறாக எடுப்பவர்தான் நிச்சயமாகத் தோற்கிறார். கிரெடிட் கார்டில் மட்டும் பணம் எடுக்கவே கூடாது. கட்டணத்தோடு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓட ஆரம்பிக்கும்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960-களில் வெளிநாடு கிளம்பியவர் கையில் எட்டே டாலரோடு விமானம் ஏறிய நாடு இது. 2004-இல் ஆண்டுக்கு 25,000 டாலர் அனுமதித்தார்கள், இப்போது 2,50,000. ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவதும் டெபிட் கார்டில் செலவழிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் தாண்டினால் வரி பிடித்து வைப்பார்கள், கணக்குத் தாக்கலில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டில் தேய்க்கும் கிரெடிட் கார்டை 2023 மே மாதம் இதற்குள் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனிலேயே தள்ளிவைத்தார்கள்.

யுபிஐயும் கடல் தாண்டத் தொடங்கிவிட்டது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வோடு இணைந்தது. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரிஷியஸிலும் கடைகளில் ஸ்கேன் செய்யும் வசதி வந்தது. எவ்வளவு ரூபாய் போகும் என்று பின் நம்பர் போடும் முன்பே தெரிந்துவிடுவது இதில் ஒரு நிம்மதி. ஆனால் மார்க்-அப் இதிலும் இருக்கலாம், அமெரிக்கா போகிறவருக்கு இது உதவவும் உதவாது.

கிளம்புகிறவர்கள் இரண்டு வேறு வேறு நிறுவனங்களின் கார்டுகளை, விசா ஒன்று மாஸ்டர்கார்டு ஒன்று என்று, தனித்தனிப் பையில் வைத்துக்கொள்ளட்டும். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் 'ஆன்' செய்ய வேண்டும். அதற்கான ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும். ஆகவே அந்த வேலையை ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டு, அந்த சிம்முக்கு ரோமிங்கும் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது உத்தமம்.