இனிப்பு நீர் உள்ளவர் பையில் எதற்கு இனிப்பு மாத்திரை?

என் அப்பாவுக்கு நீரிழிவு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. குளுவாங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான கிளிக்கிலசைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியாறாமலே கோயில் துப்புரவுப் பணிக்கு வந்துவிட்டார். சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சாக்லெட்டை நீட்டினார். நல்ல மனசுதான், ஆனால் அந்த நேரத்துக்கு ஏற்ற இனிப்பு அதுவல்ல.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுவோம். பெரியவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5 மில்லிமோல் குளுக்கோஸ் என்றால், மொத்தம் 25 மில்லிமோல். ஒரு மோல் குளுக்கோஸின் எடை 180 கிராம். ஆக, இரத்தம் முழுவதிலும் இருப்பது 4.5 கிராம்தான், ஒரு தேக்கரண்டிச் சீனி அளவு! மூளை மட்டுமே மணிக்குச் சுமார் 5 கிராம் செலவழிக்கிறது. குறைவதைக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து நிரப்பிக்கொண்டே இருக்கும்.

கிளிக்கிலசைடு, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பிடாத நேரத்திலும் அது ஓயாது. இன்சுலின் குளுக்கோஸைத் தசைகளுக்குள் தள்ளும். கல்லீரலின் கையையும் கட்டிவிடும். அளவு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் இரத்தச் சர்க்கரை தாழ்வு என்கிறார்கள். வியர்வையும் நடுக்கமும் அட்ரினலின் அடிக்கும் எச்சரிக்கை மணி. உளறல், மூளையின் பட்டினி.

இப்போது தேவை வேகம். குளுக்கோஸ் மாத்திரையில் செரிக்க வேண்டியது எதுவும் இல்லை. சிறுகுடலை அடைந்ததும் அப்படியே இரத்தத்தில் சேரும். சீனி என்பது சுக்ரோஸ். அதை நொதி ஒன்று உடைத்தால் பாதி குளுக்கோஸ், பாதி ஃபுரக்டோஸ். ஃபுரக்டோஸ் கல்லீரலுக்குப் போய்விடும். சாக்லெட்டிலோ கொழுப்பு இருப்பதால் வயிறு அதை மெதுவாகத்தான் கீழே அனுப்பும். 'ஸீரோ' பானங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாக்கு ஏமாறும், இரத்தம் ஏமாறாது.

பொதுவாக ஒரு மாத்திரை 4 கிராம். நான்கை மென்று விழுங்க வேண்டும். நாக்கடியில் அடக்கிவைத்தால் பலனில்லை. 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார்த்து, இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் அதே அளவு. ஏறியதும், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடலாம். மாத்திரையில் எனக்குப் பிடித்ததே இந்த எண்ணிக்கைதான். பயத்தில் டின் டினாகக் குடித்து, பிறகு 15 மில்லிமோலுக்கு ஏறித் தவிப்பவர்கள் உண்டு.

அகார்போஸ் மருந்தும் சேர்த்து எடுப்பவருக்குச் சீனித்தண்ணீர் சரிவர உதவாது. அந்த மருந்து சுக்ரோஸ் உடைவதையே தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் போடாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள்.

அன்று எங்களிடம் மாத்திரை இல்லை. நான் மடைப்பள்ளிக்கு ஓடி, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்தேன். கால் மணி நேரத்தில், "சாக்லெட் எங்கே?" என்று தெளிவாகக் கேட்டார் அப்பா. இப்போது அவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரைக் குழாய் ஒன்று எப்போதும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கேட்டாலும் தருவதில்லை.