காட்டம் வேறு, கனம் வேறு

கனமான சுருட்டு ஒன்றைச் சுவைத்து மதிப்பிட முனைபவர் முதலில் பிரித்தறிய வேண்டியவை காட்டமும் கனமும். காட்டம் நிகோட்டினின் வேலை. தலை கிறுகிறுக்கும், வியர்க்கும், வெறும் வயிறாக இருந்தால் குமட்டும். கனம் என்பது புகை வாயில் நிறைந்து நிற்கும் விதம். தண்ணீர் கலந்த பாலுக்கும் சுண்டக் காய்ச்சிய பாலுக்கும் நாக்கு காணும் வேறுபாடு அது. விலையுயர்ந்த சுருட்டுகளில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது வழக்கம். தலையைச் சுற்ற வைப்பதெல்லாம் உயர்ந்த சுருட்டு என்ற நினைப்பு அப்படி வந்ததுதான்.

இரண்டுக்கும் மூலம் இலை. புகையிலைச் செடியின் அடிப்பகுதி இலைகள் மெல்லியவை. நன்றாக எரியும், காட்டம் குறைவு. கியூபாவில் இவற்றுக்கு வொலாடோ என்று பெயர். நடுப்பகுதி இலையான செக்கோ மணம் தருவது. உச்சி இலை லிகெரோ. அதிக வெயில் குடித்து, கடைசியில் பறிக்கப்படும் இந்த இலை தடித்தது, எண்ணெய்ப் பசை மிக்கது, நிகோட்டினும் இதில்தான் அதிகம். எளிதில் எரியாது என்பதால் சுருட்டுபவர் இதை நட்டநடுவில் வைத்து, மற்ற இலைகளைச் சுற்றிலும் மடித்து வைக்கிறார். இந்த உள்ளிலைக் கட்டை ஓர் இலை இறுக்கிப் பிடிக்க, அதன் மேல் பார்வைக்கு அழகான மேலிலை சுற்றப்படுகிறது. கனமான சுருட்டில் லிகெரோவின் பங்கு கூடுதல். அதை அளவோடு நிறுத்துவதில்தான் கலவை செய்பவரின் கைத்திறன் தெரியும்.

பறித்த இலையை உலர்த்தினால் மட்டும் போதாது. அம்பாரமாக அடுக்கி, ஈரமும் எடையும் சேர்ந்து தானாகச் சூடேற விடுவார்கள். சூடு அளவு மீறும்போது அடுக்கைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே மாற்றி மறுபடி அடுக்குவார்கள். அம்மோனியா வெளியேறி இலையின் முரட்டுத்தனம் அடங்குவது இந்தப் பாடம் செய்தலில்தான். அரைகுறையாகப் பாடம் செய்த லிகெரோ மூக்கில் சுருக்கென்று ஏறும். எத்தனை அழகான மேலிலை சுற்றினாலும் அதை மறைக்க முடியாது.

பெயர் பெற்ற இலை கியூபாவின் மேற்கே, பினார் டெல் ரியோ மாகாணத்து வுவெல்டா அபாஹோ பகுதியில் விளைகிறது. 1960இல் காஸ்ட்ரோ அரசு சுருட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கியதும் பல குடும்பங்கள் வெளியேறி டொமினிக்கன் குடியரசிலும் ஹோண்டுராஸிலும் நிக்கராகுவாவிலும் தொழிலைத் தொடர்ந்தன. நிக்கராகுவாவின் எஸ்தெலி பள்ளத்தாக்கில், எரிமலை மண்ணில் விளையும் இலை காட்டத்துக்குப் பெயர் போனது. இன்று கனமான சுருட்டு என்றால் பலருக்கு ஹவானாவை விட எஸ்தெலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1845இல் ஹவானாவில் தொடங்கிய பார்த்தகாஸ் நிறுவனப் பெயரில் வரும் 'செரி டி எண் 4' சுருட்டை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் 50. பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக எண்ணுவது சுருட்டுத் தொழிலின் கணக்கு. ஆக இதன் குறுக்களவு 20 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. கையில் எடுத்ததும் மேலிலையைப் பார்க்க வேண்டும். நரம்பு புடைக்காமல், லேசான எண்ணெய் மினுமினுப்போடு இருப்பது நல்லது. விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே நுனி வரை போனால், ஓரிடத்தில் கல்லாகவும் அடுத்த இடத்தில் பொள்ளலாகவும் இருப்பது பிடிபட்டுவிடும். சரசரவென்று நொறுங்கினால் காய்ந்துபோன சரக்கு. 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தால் அந்த நிலை வராது.

மூடிய தலையை மெலிதாக வெட்டியபின், பற்ற வைக்காமலே ஓர் இழுப்பு இழுப்பார்கள். காற்று தாராளமாக வந்தாலும் சற்றுத் தடை இருக்க வேண்டும். உள்ளிலை நெருங்கி அடைத்துக்கொண்டிருந்தால் கன்னம் குழிய இழுத்தாலும் புகை வராது. அப்படிப்பட்ட சுருட்டுக்கு மேற்கொண்டு எந்தச் சோதனையும் வீண்.

பற்ற வைக்கும்போது அடிமுனையைச் சுடருக்குச் சற்று மேலே பிடித்துச் சுழற்றி, ஓரம் முழுவதும் கனன்றபின் இழுக்க வேண்டும். மெழுகுவர்த்தியும் பெட்ரோல் லைட்டரும் தம் வாடையை ஏற்றிவிடும். பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அவசரப்பட்டால் சுருட்டு சூடேறிக் கசந்துவிடும்; கசப்புக்கு இலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி, ஒரு சிறு பங்கை மட்டும் மூக்கு வழியே வெளியேற்றுவார்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, கசப்பு, உப்பு, புளிப்பு போன்ற சிலவே; மிளகு, ஈரமண், தோல், தேவதாரு மரம், வறுத்த காபிக்கொட்டை என்று சுவைஞர்கள் எழுதுவதெல்லாம் மூக்கின் கண்டுபிடிப்பு. சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துக் குறிப்பெடுப்பது மரபு. முதல் பங்கில் மிளகுக் காரம் முந்தும். நடுப்பங்கில் அது தணிந்து மண்ணும் மரமும் மேலெழும். தாரும் நிகோட்டினும் சேர்ந்துகொண்டே வருவதால் கடைசிப் பங்கு எப்போதும் காட்டம்தான். அங்கேயும் சுவை குழம்பாமல் நின்றால் அது தேர்ந்த கலவை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மிளகு என்றால், காட்டம் எவ்வளவு இருந்தாலும் சலிப்புத் தட்டும்.

எரியும் விளிம்பு வட்டமாகச் சீராக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓடினால் சுருட்டிய கை பிசகியிருக்கிறது. நீள இலைகளை முழுதாக வைத்துச் சுருட்டியதில் சாம்பல் உதிராமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நிற்கும். சாம்பல் வெளுப்பாக இருந்தால் உயர்தரம் என்ற பேச்சில் பெரிய சாரமில்லை; நிறம் மண்ணின் தாதுக்களைப் பொறுத்தது. 1887இல் வெளிவந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் கருஞ்சாம்பலை வைத்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார்.

நெஞ்சுக்குள் இழுக்காததால் தீங்கில்லை என்பதும் பொய். சுருட்டுப் புகையில் காரத்தன்மை மிகுதி. அதனால் நிகோட்டின் வாயின் சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய இடங்களில் புற்றுநோய்க்கு இது காரணமாகிறது என்பது உறுதியான மருத்துவ முடிவு.

மதிப்பெண்ணுக்குப் பலரும் பின்பற்றுவது, 1992இல் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' என்ற அமெரிக்க இதழின் 100 புள்ளி முறை. பெயர்ப்பட்டையைக் கழற்றி, எண் மட்டும் இட்டுச் சுவைஞர்களிடம் தருகிறார்கள். தோற்றமும் கட்டமைப்பும், சுவை, எரியும் விதம், ஒட்டுமொத்த அபிப்பிராயம் ஆகிய நான்கும் பார்க்கப்படுகின்றன. 90க்கு மேல் வாங்கினால் சிறப்பானது, 95ஐத் தாண்டினால் அபூர்வம். கையால் செய்த பொருள் என்பதால் ஒரே பெட்டியில் அடுத்தடுத்த இரண்டு சுருட்டுகள்கூட ஒத்துப்போவதில்லை. ஒன்றை மட்டும் சுவைத்துப் போட்ட மதிப்பெண்ணை நம்ப வேண்டியதில்லை.