அளவறிந்த வெப்பம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூர் என்னும் ஊர் இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மேட்டு நிலம் அது. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் அரியலூரை அடையலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அரியலூர்ப் பகுதி கடலடியில் கிடந்தது. கல்லாய்ச் சமைந்த சங்குகளும் சிப்பிகளும் இன்றும் அம்மண்ணில் கிடைத்து இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றன. அப்பழங்கடல் விட்டுச் சென்ற செல்வமே சுண்ணாம்புக்கல். அதனை வெட்டியெடுத்துப் பொடி செய்து, களிமண் முதலியவற்றுடன் கலந்து, சிமெண்டு ஆலையின் சூளையில் இடுவர். ஏறத்தாழ 1450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில்தான் அக்கலவை சிமெண்டுக்குரிய கட்டிகளாக மாறும்.

கல்லை உருமாற்ற 1450 டிகிரி வேண்டும். புற்றுநோயின் உயிரணுக்களைச் சிதைக்க எத்துணை வெப்பம் வேண்டும்? 42 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பம் ஒரு மணி நேர அளவு நீடித்தால், அவ்வுயிரணுக்களுள் பல மடிகின்றன. நம் உடலின் இயல்பான வெப்பநிலையோ ஏறத்தாழ 37 டிகிரி. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஐந்து முதல் எட்டு டிகிரி வரையே. அங்ஙனமாயின் இந்நோயை வெல்லுதல் எளிதன்றோ என்று கேட்கத் தோன்றும். அஃது எளிதன்று. வெப்பத்தை உண்டாக்குவது அரிய செயலன்று. நோயுள்ள இடத்தில் மட்டும், வேண்டிய அளவு மட்டும் அதனை நிறுத்துவதே அரிய செயல். அச்செயலைக் காந்தத்தின் துணையால் முடிக்க அறிஞர்கள் செய்துவரும் முயற்சியே இப்பாடத்தின் பொருளாகும்.

இம்முயற்சி உணவுப் பாதையின் நோய்களை ஆராய்ந்த அறுவை மருத்துவத்தினின்றே முளைத்தது. ஆதலின் முதலில் அதனை அறிந்துகொள்வோம். வாய் முதல் எருவாய் வரை நீளும் நம் உணவுப் பாதை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளமுடையது. உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்பன அதன் பகுதிகள். கல்லீரலும் கணையமும் அதற்குத் துணை நிற்கும் உறுப்புகள். இவற்றுள் எதிலும் புற்றுநோய் தோன்றலாம். கையில் எழும் கட்டியைக் கண்ணால் காண்கிறோம். வயிற்றினுள் வளரும் கட்டியையோ வெகுநாள் வரை அறியமாட்டோம். உட்பகை என்னும் சொல் இந்நோய்க்கு மிகவும் பொருந்தும்.

1881ஆம் ஆண்டு சனவரித் திங்களில், வியன்னா நகரில் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் பற்றிய இரைப்பைப் பகுதியை ஒரு பெண்மணியின் வயிற்றிலிருந்து வெட்டி நீக்கினார். எஞ்சிய பகுதியைக் குடலோடு இணைத்துத் தைத்தார். அதற்கு முன்னர் அவ்வகை அறுவைக்குப் பின் எவரும் நலம்பெற்று எழுந்ததில்லை. அப்பெண்மணி எழுந்தார்; உணவு உண்டார்; வீடு திரும்பினார். உலகம் வியந்தது. ஆயினும் சில திங்களில் அவர் இறந்தார். கட்டி நீங்கிற்று; அதனின்று முன்பே பிரிந்து சென்ற நோய் நீங்கவில்லை. கத்தி கண்ணுக்குத் தெரிவதைத்தான் வெட்டும். தெரியாததை என்செய்வது? அறுவை மருத்துவ ஆராய்ச்சி இவ்வினாவை அன்று முதல் சுமந்து வருகிறது.

நம் தமிழகமும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை, குடல் நோய்களுக்கெனத் தனி அறுவைத் துறையை நிறுவியவர் டாக்டர் ந. ரங்கபாஷ்யம். இத்துறையில் உயர்பட்டப் படிப்பு நாட்டில் வேரூன்றவும் அவர் வழிகோலினார். 2002ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கப்பெற்றது. 1980களின் தொடக்கம் முதல் அடையாற்று நிலையம் சென்னை நகரின் புற்றுநோய்க் கணக்கைப் பதிவு செய்து வருகிறது. ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோய் அங்கு முன்வரிசையில் நின்றதை அப்பதிவேடு காட்டிற்று.

ஆராய்ச்சி சில வேளைகளில் கத்தியின் தேவையையே குறைத்துவிடும். இரைப்பைப் புண்ணுக்காக முன்னாளில் பலருடைய வயிறு அறுக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர்களாகிய வாரன், மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் ஒருவகை நுண்ணுயிரை வளர்த்துக் காட்டி, புண்ணுக்கு அதுவே பெருங்காரணம் என நிறுவினர். அதன்பின் அறுவையால் செய்த பணியைப் பெரும்பாலும் மாத்திரைகளே செய்து முடித்தன. இரைப்பைப் புற்றுநோய்க்கும் அந்நுண்ணுயிர் ஒரு காரணம் என்று பின்னர்த் தெளிவாயிற்று. 2005ஆம் ஆண்டு அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இனி வெப்பத்திற்கு வருவோம். நோயைச் சுட்டு நீக்கும் வழக்கம் மிகப் பழையது. நம் சித்த மருத்துவத்தில் சுட்டிகை என்பது புற மருத்துவ முறைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1866ஆம் ஆண்டு செர்மானிய மருத்துவர் புஷ் என்பவர், கடுங்காய்ச்சல் கண்ட ஒரு நோயாளியின் முகத்திலிருந்த புற்றுக்கட்டி கரைந்ததைக் கண்டு எழுதிவைத்தார். ஆனால், பழுக்கக் காய்ச்சிய இரும்பு தொட்ட இடத்தையெல்லாம் சுடும். காய்ச்சலோ உடல் முழுவதையும் வாட்டும். நோய் இது, நலம் இது என்னும் வேறுபாடு அவ்விரண்டிற்கும் இல்லை.

அவ்வேறுபாட்டை வெப்பத்திற்குக் கற்பிக்க முயன்றவர் கில்கிறிஸ்ட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். சிக்காகோ நகரைச் சேர்ந்த அவர், பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் நிணநீர்க் கணுக்கள் வழியே எவ்வாறு பரவுகிறது என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். கட்டியை முழுதும் வெட்டிய பின்னரும் எட்டாத கணு ஒன்றில் நோய் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அவர் நன்கு அறிவார். இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்களை உடலிற் செலுத்தினால் நிணநீரே அவற்றைக் கணுக்களிடம் கொண்டு சேர்க்குமன்றோ? நோய் சென்ற வழியிலேயே மருந்தையும் அனுப்பலாம் என்பது அவர் கருத்து. நாய்களின் உடலில் அவ்வாறு துகள்களைச் செலுத்தி, வெளியிலிருந்து விரைந்து மாறும் காந்தப்புலத்தை இயக்கியபோது, துகள்கள் தங்கிய கணுக்கள் சூடேறின. 1957ஆம் ஆண்டு அவரும் அவருடைய தோழர்களும் இவ்வாய்வை வெளியிட்டனர். காந்த வெப்ப மருத்துவத்தின் தோற்றுவாய் அதுவே.

காந்தம் எவ்வாறு சூடேற்றும் என்னும் ஐயம் எழலாம். இன்று பல வீடுகளில் உள்ள மின்தூண்டல் அடுப்பை நோக்குக. அதில் தீயில்லை. அதன் மேற்பரப்புக்கு அடியில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதனுள் ஓடும் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. அதனால் எழும் காந்தப்புலமும் அவ்வாறே மாறுகிறது. அடுப்பின்மேல் இரும்புச் சட்டியை வைத்தால் அது சூடேறும். மண்சட்டியை வைத்தால் சூடேறாது. நம் உடல் ஏறத்தாழ அம்மண்சட்டியைப் போன்றது. கட்டியினுள் மட்டும் இரும்புத் துகள்களை வைத்துவிட்டால், காந்தப்புலம் உடலை ஊடுருவிச் சென்று கட்டியை மட்டும் சூடேற்றும்.

துகள்களில் வெப்பம் பிறக்கும் வகை சட்டியினின்று சற்று வேறானது. இரும்புச் சட்டியின் அடியில் மின்னோட்டங்கள் சுழன்று வெப்பத்தைத் தருகின்றன. துகளோ தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு கூறுக்கும் சிறியது. ஒவ்வொரு துகளும் ஒரு சிறு காந்தம். புலம் திசை மாறுந்தோறும் அதுவும் திசை மாற முயல்கிறது. முயன்று சற்றே பின்தங்குகிறது. அங்ஙனம் பின்தங்குவதால் இழக்கப்படும் ஆற்றலே வெப்பமாக வெளிப்படுகிறது. துகள் ஒன்றின் வெப்பம் மிகச் சிறிது. கோடிக்கணக்கான துகள்கள் கூடினால் கட்டி காய்ச்சல் கண்டாற்போல் கொதிக்கும்.

கருத்து எளிது, செயல் கடினம். முதலாவது, துகள்கள் சேரவேண்டிய இடத்தில் போதிய அளவு சேரவேண்டும். குருதியில் விட்டால் அவற்றுள் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, குருதி ஓடும் இடத்தில் வெப்பம் நிற்பதில்லை. ஆற்றுநீர் மணலைக் குளிர்விப்பது போல் குருதி கட்டியைக் குளிர்விக்கிறது. மூன்றாவது, உடல் முற்றிலும் மண்சட்டியன்று. உப்புநீர் நிறைந்த அதிலும் சிறிது மின்சாரம் ஓடும். காந்தப்புலத்தை மிகுதியாக்கினால் நலமுள்ள தசையும் சூடேறும். நான்காவது, கட்டியின் ஒரு மூலை 45 டிகிரியில் இருக்கும்போது மற்றொரு மூலை 40 டிகிரியிலேயே நின்றுவிடலாம். அம்மூலையிலிருந்து நோய் மீண்டும் தழைக்கும்.

இவ்விடர்களைக் களைய உலகெங்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஒவ்வொரு காந்தப் பொருளும் ஒரு குறித்த வெப்பநிலையைத் தாண்டினால் தன் காந்தத் தன்மையை இழக்கும். இதனைப் பியேர் கியூரி என்னும் அறிஞர் 1895ஆம் ஆண்டு விளக்கினார். இரும்புக்கு அவ்வெல்லை 770 டிகிரி. வேறு தனிமங்களைக் கலந்து, அவ்வெல்லை 45 டிகிரியை ஒட்டி அமையுமாறு துகள்களைச் செய்துவிட்டால், அவை வேண்டிய அளவு சூடேறியபின் தாமே அடங்கிவிடும். நம் மாநிலத்துக் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் காந்தத் துகள்கள் கலந்த நீர்மங்கள் எவ்வாறு சூடேறுகின்றன என்பது ஆராயப்பட்டுள்ளது. மனிதரிடம் இம்முறையை முன்னெடுத்துச் சென்றவர்கள் பெர்லின் நகரத்து அறிஞர்கள். 2010ஆம் ஆண்டு ஐரோப்பாவில் மூளைக் கட்டிகளுக்கு அவர்களுடைய முறை ஒப்புதல் பெற்றது. உணவுப் பாதையின் புற்றுநோய்களுக்கோ இஃது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

ஆய்வு நிலை என்பதன் பொருளை நாம் நன்கு உணர வேண்டும். அதற்கு வெப்ப மருத்துவத்தின் மற்றொரு முறையே எடுத்துக்காட்டாகும். புற்றுநோய் வயிற்றறை எங்கும் சிதறியவிடத்து, கட்டிகளை வெட்டியபின், 41 முதல் 43 டிகிரி வரை வெதுவெதுப்பாக்கிய மருந்துநீரை வயிற்றினுள் சுழலவிடும் முறை 1980ஆம் ஆண்டு முதல் வழக்கிற்கு வந்தது. பலர் அதனைப் பெரிதும் நம்பினர். பிரான்சு நாட்டு மருத்துவர்கள் பெருங்குடற் புற்றுநோய் அவ்வாறு பரவிய 265 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவை மட்டும் செய்தனர். மற்றைப் பிரிவினருக்கு அறுவையோடு வெந்நீர் மருந்தும் தந்தனர். 2021ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. இரு பிரிவினரின் வாழ்நாளும் நடுக்கணக்கில் ஏறத்தாழ 41 திங்களே. அம்மருந்தைக்கொண்டு செய்த அம்முறை அந்நோயாளிகளின் வாழ்நாளை நீட்டவில்லை. திறமான அறுவையே அவர்களைக் காத்தது. தாம் விரும்பிய விடை வராதபோதும் அதனை மறையாது வெளியிட்ட அம்மருத்துவர்களின் நேர்மை போற்றற்குரியது. நம்பிக்கையைத் துலாக்கோலில் நிறுத்துப் பார்ப்பதே அறிவியல்.

ஆதலின் காந்தம் வந்து நோயைத் தீர்க்கும் என்று காத்திருத்தல் தகாது. உணவு விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், கறுத்த மலம், மலத்தோடு குருதி, பல வாரம் நீடிக்கும் மலப்போக்கு மாறுதல் ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலத்தில் குருதி கண்டவர் பலர், நாணத்தால் அதனை மறைக்கின்றனர். மூலம் என்று தாமே முடிவுசெய்து நாட்டு மருந்து உண்டு காலத்தைப் போக்குகின்றனர். பெருங்குடற் புற்றுநோய் தோன்றிய இடத்தைக் கடவாமுன் அறியப்பட்டால், பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்வதை அமெரிக்க நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ, ஆறேழு பேரில் ஒருவரே அவ்வாறு வாழ்கின்றார். எந்தக் கருவியும் தரமுடியாத பயனை இங்கே காலம் தருகிறது.

முன்னாளில் பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர் மக்கள் பெரிய மருத்துவத்திற்குத் திருச்சிராப்பள்ளிக்கோ தஞ்சாவூருக்கோ செல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் கூலியை இழக்க அஞ்சியே பலர் பயணத்தைத் தள்ளிப்போட்டனர். 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. தொலைவு குறைந்துவிட்டது. இனிக் குறைய வேண்டியன நாணமும் தயக்கமுமே. வீட்டில் பாட்டியோ தந்தையோ இவ்வறிகுறிகளுள் ஒன்றைச் சொன்னால், "நாளை பார்க்கலாம்" என்னாது, அன்றே அழைத்துச் செல்லுதல் கற்ற பிள்ளைகளின் கடமையாகும்.

சூளையின் 1450 டிகிரிக்கு வலிமை உண்டு. 43 டிகிரிக்கு அளவு உண்டு. அவ்வளவைச் செம்மையாக ஆளும் நாளை அறிஞர்கள் தேடுகின்றனர். நாளை அவர்களோடு சேர்ந்து தேடுபவர் இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.