முதல் பத்துப் பட்டியலை எழுதியது யார்?

களைக்கொல்லி அடிக்கிற விவசாயிக்கு களை எடுக்கும் இயந்திரம் ஒரு வசதி. நமக்கு அது அப்படி இல்லை. ஆள் கிடைக்காத ஊரில், மழை விட்ட நாலாம் நாள் களை முளைத்து நிற்கும்போது, நாம் இயற்கை வழியிலேயே நிற்பதா இல்லையா என்பதைப் பல நேரம் அந்த இயந்திரம்தான் முடிவு செய்கிறது. அதனால்தான் பவர் வீடர், பிரஷ் கட்டர் வாங்குவதற்கு முன் நம் ஆட்கள் எதைப் படித்து, எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் ஒன்றரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போடுகிறார். போன வருடம் நகையை வைத்து ஒரு பவர் வீடர் எடுத்தார். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். "லிஸ்ட்ல முதல்ல இருந்துச்சு சார், நாலரை ஸ்டார் வேற" என்றார். கைப்பேசியில் அந்தப் பட்டியலைக் காட்டினார். 'இந்த ஆண்டின் சிறந்த 10 பவர் வீடர்கள்' என்று தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் குதிரைத்திறன், எடை, நான்கு நல்ல குணம், பேருக்கு ஒரு குறை. அந்தக் குறை என்ன தெரியுமா? 'சற்று எடை அதிகம்'. பத்தில் ஆறுக்கு அதே வரிதான்.

இரண்டாவது களையெடுப்பில் கியர் பாக்ஸ் போய்விட்டது. ஸ்பேர் வெளி மாநிலத்திலிருந்து வரணும் என்றார்கள். வர இருபத்தைந்து நாள் ஆனது. இருபத்தைந்து நாள் களை காத்திருக்குமா? பதினெட்டாம் நாள் அவர் களைக்கொல்லி அடித்தார். பி.ஜி.எஸ். குழுவில் மாறுகாலத்தில் இரண்டு வருடம் ஓட்டியிருந்தார், திரும்ப முதலிலிருந்து. ஒரு கியர் பாக்ஸின் விலை அது.

இந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானவற்றில் எழுதியவர் இயந்திரத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். விற்பனைப் பக்கத்தில் கம்பெனி போட்டிருக்கும் விவரத்தை எடுத்து, வாக்கியத்தை மாற்றி அடுக்குகிறார். கீழே 'விலை பார்க்க' என்று ஒரு லிங்க். அதை அழுத்திப் போய் நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். வாங்காதீர்கள் என்று எழுதினால் கமிஷன் இல்லை. இப்படி ஓர் ஏற்பாட்டில் 'இந்தப் பத்துமே உங்கள் மண்ணுக்கு ஆகாது' என்று யார் எழுதுவார்?

வீடியோவும் இதே கதைதான். டீலர் கொடுத்த இயந்திரம், டீலர் காட்டிய வயல், ஏற்கெனவே உழுது பொலபொலவென்று கிடக்கும் மண். அதில் எந்த இயந்திரமும் ஓடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் 2022-இல் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் வந்தன. 2023 ஜனவரியில் சமூக ஊடகங்களில் பொருள்களைப் பரிந்துரைப்போருக்கான விதிகளையும் அரசு விளக்கியது. காசு மட்டுமில்லை, இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி எது வாங்கியிருந்தாலும் பார்ப்பவர் கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும்; வீடியோ எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் சொல்ல வேண்டும். இணைய மதிப்புரைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை 2022-இல் கொண்டுவந்தது. விதி இருக்கிறது. அடுத்த முறை ஒரு வீடியோ பார்க்கும்போது அப்படி ஒரு வரி எங்காவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள்.

அப்படியானால் வழிகாட்டி என்றாலே ஏமாற்றுதானா? இல்லை. அமெரிக்காவில் 1936-இல் தொடங்கிய நுகர்வோர் சங்கத்தின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ், பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கிறது; இதழில் விளம்பரம் வாங்குவதில்லை. இங்கிலாந்தில் 1957 முதல் 'விச்' இதழ் வருகிறது. நம் நாட்டிலும் அகமதாபாத்தின் சி.இ.ஆர்.சி., டெல்லியின் கன்ஸ்யூமர் வாய்ஸ் போன்ற அமைப்புகள் பொருள்களை ஒப்பிட்டுச் சோதித்து வெளியிட்டிருக்கின்றன. இவர்களும் தவறு செய்வார்கள். 2007 ஜனவரியில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், குழந்தைகளுக்கான கார் இருக்கைகள் 12-ஐச் சோதித்து இரண்டுதான் தேறின என்று எழுதியது. பக்கவாட்டு மோதல் மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர் வேகத்தில் நடந்ததாகச் சொன்னது. உண்மையில் அது 112 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துக்குச் சமமானது என்று தெரியவந்தது. இரண்டே வாரத்தில் அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். இதைப் படித்த பிறகுதான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை கூடியது.

சரி, மிக்சிக்கும் ஃபேனுக்கும் இதெல்லாம் இருக்கிறது, பவர் வீடருக்கு யார் சோதிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மத்திய அரசே சோதிக்கிறது. மத்தியப் பிரதேசம் புத்னியில் ஒரு நிறுவனம். தென்னிந்தியாவுக்கு ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டம் கார்லதின்னேயில் ஒன்று. மானியப் பட்டியலில் ஓர் இயந்திரம் வர வேண்டும் என்றால் இப்படி அங்கீகாரம் பெற்ற ஓர் இடத்தில் சோதனை முடிந்திருக்க வேண்டும். வணிகச் சோதனை அறிக்கைகள் பொதுவில் வெளியாகின்றன. பலவற்றை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருக்கும், நாற்பது ஐம்பது பக்கம் கூடப் போகும். ஆனால் நமக்கு வேண்டியது நாலைந்து இடம்தான்.

முதலில் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்த விதம். உற்பத்தியிலிருந்து சோதனையாளர் எடுத்ததா, கம்பெனி கொடுத்து அனுப்பியதா என்று எழுதியிருக்கும். அடுத்து, கம்பெனி சொன்ன அளவு ஒரு பக்கம், சோதனையில் கண்ட அளவு ஒரு பக்கம். இரண்டுக்கும் இடைவெளி எங்கே அதிகம் என்று பாருங்கள். பட்டியல்களில் வருவதெல்லாம் கம்பெனி சொன்ன அளவு மட்டும்தான். பிறகு வயல் சோதனை: எந்த மண், எவ்வளவு ஈரம், மணிக்கு எவ்வளவு பரப்பு, எத்தனை லிட்டர். கைப்பிடியின் அதிர்வையும் ஓட்டுபவர் காதருகே சத்தத்தையும் தவறாமல் பாருங்கள். நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் நம் தொழிற்சாலை விதிகளின் உச்சவரம்பு. அதைத் தாண்டுகிற இயந்திரத்தை வாங்கி மகன் கையில் கொடுக்கிறோம், காதுக்கு ஒரு பஞ்சு கூட இல்லாமல். கடைசியில் பழுதுகள், தேய்மானம், பரிந்துரைகள். கத்தியின் கடினத்தன்மை தரத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் அங்கே எழுதியிருக்கும். எந்தப் பட்டியலிலும் அது வராது.

சோதனைக் கட்டணத்தைக் கம்பெனிதானே கட்டுகிறது, பிறகு எப்படி நம்புவது என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வங்கியில் அடமானக் கடனுக்கு வக்கீல் கருத்து வாங்குவோம். கட்டணம் கடன்காரர் பையிலிருந்துதான் போகும். ஆனால் வக்கீலை வைத்தது வங்கி. பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியது வங்கிக்கு. டிராக்டர் கடனுக்கு வரும் கொட்டேஷன் அப்படி இல்லை. மூன்று கடையின் கொட்டேஷனும் ஒரே கையெழுத்தில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே காசு யார் கொடுத்தார் என்பதோடு, எழுதியவர் யாருக்குப் பதில் சொல்கிறார், பாதகமான முடிவையும் அச்சிடுகிறாரா என்றும் கேட்க வேண்டும்.

நேர்மையான சோதனைக்கும் எல்லை உண்டு. கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். 2020 டிசம்பரில் டெல்லியின் சி.எஸ்.இ. அமைப்பு 13 தேன் பிராண்டுகளைச் சோதித்தது. இந்தியத் தரத்துக்கான சோதனைகளில் பெரும்பாலானவை தேறின. அதே பிராண்டுகள் ஜெர்மனியில் என்.எம்.ஆர். சோதனைக்குப் போனபோது தேறியவை மூன்றுதான். கம்பெனிகள் மறுத்தன, ஆனால் வேறு கேள்வி கேட்டால் வேறு பதில் வரும் என்பது தெளிவாகிவிட்டது. பவர் வீடர் அறிக்கையிலும் அப்படித்தான். உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் மெக்கானிக் இருக்கிறார், பெல்ட் எந்தக் கடையில் கிடைக்கும், உங்கள் கரிசல் மழைக்குப் பிறகு கத்தியில் எப்படி அப்பும் என்பதெல்லாம் அதில் இருக்காது.

அதற்கு ஊரில்தான் கேட்க வேண்டும். அதுவும் வாங்கி ஒரு மாதம் ஆனவரிடம் கேட்காதீர்கள். புதிதாக வாங்கியவர் எல்லோருமே அது நல்ல இயந்திரம் என்றுதான் சொல்வார்கள், கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையைக் கேட்கிற மாதிரி. இரண்டு பட்டம் ஓட்டியவரிடம் கேளுங்கள். முடிந்தால் வாடகைக்கு எடுத்து உங்கள் வயலில், உங்கள் ஈரத்தில் அரை நாள் ஓட்டுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் வட்டார வாடகை மையங்களும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகின்றன. பவர் வீடர் எல்லா இடத்திலும் இருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள். டீலரிடம் பேசும்போது 'டெஸ்ட் ரிப்போர்ட் காப்பி கொடுங்கள்' என்று ஒரு வார்த்தை போடுங்கள்.

பி.ஜி.எஸ். குழுக்களில் ஒருவர் வயலை இன்னொருவர் போய்ப் பார்த்து எழுதுகிறோம். அந்த நோட்டிலேயே இயந்திரத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கலாம். எங்கள் குழுவில் ஆடி முதல் ஆரம்பித்திருக்கிறோம். மாடல், வாங்கிய மாதம், ஓடிய மணி, பெட்ரோல், மாற்றிய ஸ்பேர், அது வந்து சேர எத்தனை நாள் என்று ஆறு கட்டம். இதுவரை ஏழு இயந்திரம் ஏறியிருக்கிறது. உங்கள் குழுவும் எழுதி இதழுக்கு அனுப்பினால் மாவட்ட வாரியாகச் சேர்த்துவிடலாம். ஆசிரியர் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த அட்டவணை வரும் இதழில் மட்டுமாவது இயந்திர விளம்பரம் வேண்டாம்.