கல்லச்சில் நிலைத்த கூத்து

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமேக்காவில், நத்தார்க் காலத்தில் வீதிகளில் நிகழும் வேடக்கூத்து ஒன்று உண்டு. ஜொங்கொனு என்பது அதன் பெயர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த ஆபிரிக்க மக்கள், தமக்குக் கிடைத்த சில நாள் ஓய்வில் ஆடி வளர்த்த கலை இது.

ஆட்டம் முடிந்ததும் வேடங் கலைந்துவிடும். ஆயினும் அக்காலக் கூத்தர் அணிந்தவை எவை, இசைத்தவை எவை என்பன இன்றும் நமக்குத் தெரிகின்றன. அதற்குக் காரணமானவர் ஐசாக் மென்டிஸ் பெலிசாரியோ என்னும் ஓவியர். 1795இல் கிங்ஸ்ரன் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, இலண்டனில் ஓவியம் பயின்ற இவர், 1837, 1838ஆம் ஆண்டுகளில் 12 படங்களை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அவை கல்லச்சுப் படங்கள். சுண்ணக்கல்லின்மேல் கொழுப்புக் கோலினால் வரைந்து, மையிட்டுத் தாளிற் பதித்தபின், கையால் வண்ணந் தீட்டுவது அம்முறை.

கேலிச்சித்திரம் வரைதல் தம் நோக்கமன்று என்று அவர் கூறினார். அதற்கேற்பப் படங்களில் நுட்பம் மிக்கிருக்கிறது. நடிகன் ஒருவனின் வெண்முகமூடியும் இறகு முடியும் மடிப்பு மடிப்பான உடையும் தனித்தனியே தெரிகின்றன. தென்னோலையால் உடல் மறைத்த ஆட்டக்காரன் வேறொரு படத்தில் வருகிறான். ஆட்டுத்தோல் போர்த்த சதுர முரசையும், கோலினால் உரசி ஒலியெழுப்பும் குதிரைத் தாடையெலும்பையும் வாத்தியக்காரர் ஏந்தி நிற்கின்றனர்.

இவற்றுள் சிந்தனைக்குரியது, தலையில் மாளிகை சுமந்து ஆடுபவனின் படம். தாம் உழைத்துக் களைத்த எசமானர் வீட்டையே விளையாட்டுப் பொருளாக்கித் தலையிற் சூடிக்கொண்டான் அவன் என்று அறிஞர் பொருள் கூறுவர்.

இப்படங்கள் வெளிவந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் பயிற்சித் தொழிலாளர் என்னும் பெயரால் மக்கள் பழைய எசமானரிடமே கட்டுண்டு கிடந்தனர். முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1ஆந் திகதியே வந்தது. ஓவியரோ அம்மக்களைச் சேர்ந்தவரல்லர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் அலெக்சாண்டர் லிண்டோ அடிமை வணிகராய் இருந்தவர். ஆதலால் அம்மக்களின் உள்ளத் துயரை இப்படங்களில் தேடுவோர் ஏமாற்றமடைதல் கூடும்.

ஆனால், கண்ட பொருளைக் கூட்டாமலுங் குறையாமலும் வரைந்த கை, வரைந்தவர் எண்ணாத பயனையும் தந்துவிடுகிறது. 1841இல் கிங்ஸ்ரன் நகரத் தலைவர் இக்கூத்துக்குத் தடை விதித்தார், கலகம் மூண்டது. ஆட்டத்தை அடக்க முயன்ற ஆணை பழங்கதையாயிற்று. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இப்படங்களை நடுவாக வைத்துக் கண்காட்சியொன்றை நடத்தியது. பழைய வேடத்தை மீண்டும் புனைய விரும்பும் கலைஞனுக்கு முடியின் இறகும் முரசின் வடிவும் அங்கே உள்ளன. அவற்றை அணிந்தவரின் பெயர்கள் மட்டும் இல்லை. அந்தக் குறையையும் உணர்ந்து பார்ப்பவனே இப்படங்களிலிருந்து முழுப்பயன் பெறுவான்.