தரையில் சிந்திய எண்ணெய் தரையோடு நிற்பதில்லை

வரி, லைசென்ஸ், வாடகை என்று பெரிய விஷயங்களைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். இந்த முறை நம் காலடியில் கிடக்கும் ஒரு சிறிய விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். கடை வாசலிலும் குடோன் முன்பும் லாரி நிற்கும் சிமெண்ட் தளத்திலும் படியும் எண்ணெய்க் கறைதான் அது.

மரக்காணம் பகுதியில் பெரும்பாலான மண்டிகளின் முன்தளத்தைப் பார்த்தால் நடுவில் கறுப்பு வட்டங்கள் தெரியும். உப்பு ஏற்ற வரும் லாரிகள் சொட்டிய என்ஜின் ஆயிலும் டீசலும் அவை. மளிகைக் கடைகளிலோ டின்னிலிருந்து கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் அளந்து ஊற்றும் இடத்தில் தரை மஞ்சளடித்துப் பிசுபிசுவென்று கிடக்கும். இரண்டும் கறைதான் என்றாலும் குணம் வேறு, மருந்தும் வேறு.

இதில் அழகைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடற்கரை ஊரில் விடியற்காலையில் இது வாடிக்கை. தரையில் சிந்திக் கிடக்கும் உப்புத்தூள் நீர்த்து, அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அந்த இடம் பாசி பிடித்த படித்துறை போல் ஆகிவிடும். 50 கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றி வரும் தொழிலாளி அதில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இடுப்பு முறிந்தால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பே முறிந்துபோகும். நாம் செலவுக்குப் பணம் கொடுக்கலாம், முதுகெலும்பைக் கொடுக்க முடியாது.

இன்னொன்று சரக்கு. பிளாஸ்டிக் சாக்கானாலும் கோணிச் சாக்கானாலும் அடியில் இழைகளுக்கு நடுவே சந்து உண்டு. டீசல் படிந்த தரையில் வைத்த மூட்டையின் அடிப்பகுதியில் வாடை ஏறிவிடும். உப்பும் ஓர் உணவுப் பொருள் என்பதை மறக்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. உணவுப் பொருள் வைக்கும் இடத்தின் சுத்தமும் அதில் அடக்கம். சட்டத்தை விடுங்கள், வாசனை வரும் உப்பை வாங்கிப் போன வாடிக்கையாளர் புகார் சொல்ல வரமாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இனி சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம்.

எண்ணெய் சிந்தியவுடன் தண்ணீர் ஊற்றுவதுதான் நம்மவர்களின் பழக்கம். அது தவறு. எண்ணெய் தண்ணீரில் கலக்காது, அதன் மேல் ஏறிப் பரவும். ஒரு சாண் கறை ஒரு பாய் அகலம் ஆகிவிடும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெயை மீனவர்களும் தொண்டர்களும் வாளி வாளியாகக் கையால் அள்ள வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் அதே எண்ணூர்க் கழிமுகத்தில் மழை வெள்ளத்தோடு சேர்ந்து வந்த எண்ணெய் வீடுகளிலும் படகுகளிலும் அப்பியது. தண்ணீர் எண்ணெயைச் சுமந்து செல்லும் வண்டி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே முதலில் உலர்ந்த பொருளைத் தூவ வேண்டும். உமிச் சாம்பல், மரத்தூள், செங்கல் தூள், காய்ந்த களிமண் பொடி எது கிடைத்தாலும் சரி. கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கனமாகத் தூவி, காலால் அழுத்தி, அரைமணி நேரம் விட்டுப் பெருக்கி எடுக்கலாம். பிசுக்கு குறையும்வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். எண்ணெய் ஊறிய மரத்தூளையும் கந்தலையும் குடோன் மூலையில் குவித்து வைக்கவே கூடாது. சில சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுச் சூடேறி, குவியலுக்குள் தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டின்னில் போட்டு வெளியே வைப்பதே உத்தமம்.

அடுத்தது கழுவுதல். ஒரு வாளி வெந்நீரில் சுமார் 200 கிராம் சலவை சோடாவும் ஒரு கைப்பிடி சோப்புத் தூளும் கரைத்து, கறைமேல் ஊற்றி, காயவிடாமல் கால்மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். கைக்கு உறை போட்டுக்கொள்வது நல்லது. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உதிரும் துணுக்குகள் நம் ஊர் உப்புக் காற்றில் துருவேறிப் புதுக்கறை வைத்துவிடும். நைலான் அல்லது தென்னை நார் பிரஷ் போதும். சமையல் எண்ணெய் இந்தக் காரத்துக்குச் சோப்பாக மாறி ஓரளவு இளகிவரும். என்ஜின் ஆயில் அப்படி மாறாது. சோப்புத் தூள்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

பழைய கறைக்கு வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதைப் போலத் தரைக்கும் பற்றுப் போட வேண்டும். சிமெண்ட் தளம் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. எண்ணெய் அதற்குள் இறங்கியிருப்பதால் மேலே தேய்ப்பதில் பயனில்லை. சீமைச் சுண்ணாம்புப் பொடியையோ முல்தானி மட்டியையோ எடுத்து, ஆயில் கறைக்கு டர்பன்டைனிலும் சமையல் எண்ணெய்க் கறைக்குக் கெட்டியான சோடாக் கரைசலிலும் களி போலக் குழைத்து, அரை அங்குல கனத்துக்குப் பூசி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால், ஈரம் மேலேறும்போது கரைந்த எண்ணெயும் பொடிக்குள் ஏறிவிடும். சுரண்டி எடுத்துவிட்டு, தேவையானால் மறுபடி போடலாம். டர்பன்டைன் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். வெட்டவெளியில் மட்டும், பீடி சிகரெட் இல்லாமல் செய்ய வேண்டும். சரக்கு வைத்த குடோனுக்குள் கூடவே கூடாது.

செய்யக் கூடாதவை சில உண்டு. ஆசிட் ஊற்றுவது முதல் தவறு. ஆசிட் எண்ணெயைக் கரைக்காது, சிமெண்டைத்தான் அரிக்கும். கறை அப்படியே இருக்க, தளம் சொரசொரப்பாகி அடுத்த எண்ணெயை இன்னும் ஆழமாகக் குடிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

இரண்டாவது, கையில் மலிவாக இருக்கிறதே என்று உப்பை அள்ளிப் போடுவது. உப்புக்கல் எண்ணெயை உறிஞ்சாது. எண்ணெய் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மிஞ்சிய உப்பு ஈரத்தில் கரைந்து தளத்துக்குள் இறங்கும். உள்ளே கம்பி கட்டிய தளமானால் துருப்பிடித்து, கம்பி பருத்து, சிமெண்ட் வெடித்துப் பெயர்ந்துவிடும். உவர்நீரில் தளம் கழுவுவதாலும் இதே கேடுதான். உப்பை நம்பிப் பிழைக்கும் நாம் அதைத் தரையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.

சமையல் எண்ணெய் சாது என்று எண்ணுவதும் பிசகு. என்ஜின் ஆயில் கெட்டிப்பட்ட கான்கிரீட்டைப் பெரிதாக அரிப்பதில்லை. தாவர எண்ணெயோ நாள்பட நாள்பட அமிலமாக மாறி, சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைத் தின்னும். எண்ணெய் டின் வைக்கும் மூலையில் தரை பொரிந்து போவதன் ரகசியம் இதுதான்.

கழுவிய ஆயில் நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். நம் பகுதி வாய்க்கால்கள் உப்பங்கழிக்கும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளிக்கும் அக்கம்பக்கம். உப்பளப் பாத்திக்கு வரும் நீரில் ஆயில் படலம் மிதந்தால் அது நம் சரக்கிலேயே வந்து முடியும். பயன்படுத்திய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு என்பதும் நினைவிருக்கட்டும்.

வருமுன் காப்பதற்குச் செலவு சொற்பம். நிற்கும் லாரிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு, எண்ணெய் டின்னுக்கு அடியில் ஒரு தாம்பாளம், வாசலோரம் ஒரு டின் உமிச் சாம்பல், மூட்டைகளுக்கு அடியில் மரச்சட்டம். லாரி சொட்டினால் டிரைவரிடம் அப்போதே தன்மையாகச் சொல்லி, வேறு இடத்தில் நிறுத்தச் செய்யுங்கள். அவரும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்தான். கடை திறந்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றும் முன், தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும். மூட்டை சுமப்பவர் நிமிர்ந்து நடப்பார், நம் சரக்கும் நம் பெயரும் கெடாமல் இருக்கும்.